இம்யூனோதெரபிக்குப் பின் வந்த சோர்வு: நாங்கள் பட்டதும் தெரிந்துகொண்டதும்

புற்றுநோய்க்கு இம்யூனோதெரபி, அதாவது உடம்பின் சொந்த எதிர்ப்புச் சக்தியையே புற்றுநோயைத் தாக்க வைக்கும் ஊசி, தொடங்கியிருக்கும் குடும்பங்களுக்காக, குறிப்பாகப் பெரிய மருத்துவமனையில் மருந்தை ஏற்றிக்கொண்டு சிற்றூரில் உள்ள வீட்டுக்குத் திரும்பிவிடும் குடும்பங்களுக்காக இதை எழுதுகிறேன். என் கணவருக்கு வந்த நுரையீரல் புற்றுநோயை அந்த மருந்து கட்டுப்படுத்தியது. அதே மருந்து அவருடைய உடம்பில் வேறொன்றைச் சத்தமில்லாமல் கெடுத்தது. அது என்னவென்று தெரியாமல் நாங்கள் மருத்துவமனை மருத்துவமனையாக அலைந்ததில், இன்சூரன்ஸ் கொடுத்தது போகக் கைப்பணம் மட்டும் இரண்டு லட்சத்துக்கு மேல் போயிற்று. கடைசியில் உண்மையைக் காட்டிக் கொடுத்தது சில நூறு ரூபாய் செலவாகும் ஒரு ரத்தப் பரிசோதனை.

நாங்கள் கோவில்பட்டியில் இருக்கிறோம். அவர் முப்பது வருடங்களாக ஹார்டுவேர் கடை நடத்தியவர். அத்தனை வருடமும் சிகரெட்டும் பிடித்தவர். மகள் வெளிநாட்டில் கைக்குழந்தையோடு இருந்ததால், மதுரைக்கு அழைத்துப் போவது, ரிப்போர்ட் வாங்குவது, பணம் புரட்டுவது எல்லாம் என் ஒருத்தி பொறுப்பாயின. நோய் நுரையீரலைத் தாண்டிவிட்டது, அறுவை சிகிச்சைக்கு வழியில்லை என்று சொன்ன மருத்துவர், பயாப்ஸி எடுத்த திசுவிலேயே இன்னும் சில பரிசோதனைகள் செய்ய வேண்டும் என்றும், அதன் முடிவு வரும்வரை எந்தச் சிகிச்சையையும் தொடங்கப் போவதில்லை என்றும் சொன்னார். அந்தக் காத்திருப்பு எனக்குப் பெரிய வேதனையாக இருந்தது. நோய் வளர்ந்துகொண்டிருக்கையில் காகிதத்துக்காகக் காத்திருக்கிறோமே என்று உறவினர்கள் கடிந்துகொண்டார்கள். ஆனால் அவர் செய்தது மிகச் சரி என்பதைப் பிற்பாடு படித்துத் தெரிந்துகொண்டேன். ஈஜிஎஃப்ஆர் என்ற மரபணு மாற்றம் உள்ள நுரையீரல் புற்றுநோயில் இம்யூனோதெரபி பெரும்பாலும் எடுபடுவதில்லை. அதோடு, அதை முதலில் கொடுத்துவிட்டு உடனே அந்த மாற்றத்துக்கான ஓசிமெர்டினிப் மாத்திரைக்கு மாறினால் நுரையீரல் அழற்சி வரும் அபாயம் கூடுகிறது. நம் நாட்டு நோயாளிகளிடம், அதிலும் புகைப் பழக்கம் இல்லாதவர்களிடம், இந்த மாற்றம் அடிக்கடி காணப்படுகிறது. ஆகவே ஈஜிஎஃப்ஆர், அதைப் போன்ற இன்னொரு மரபணு மாற்றமான ஆல்க் ஆகியவற்றின் முடிவுகள் வராமல் ‘இன்றைக்கே ஊசி போட்டுவிடலாம்’ என்று யாராவது சொன்னால், ஏன் என்று கேளுங்கள்.

அவருக்கு அந்த மாற்றங்கள் இல்லை. பிடி-எல்1 என்ற புரதம் மட்டும் எழுபது சதவீதப் புற்றுச் செல்களில் இருந்தது. இந்த எண்ணின் பொருளை யாரும் எங்களுக்கு விளக்கவில்லை, ஆனால் சிகிச்சையே அதை வைத்துத்தான் முடிவாகிறது என்பதால் நான் விளங்கிக்கொண்ட அளவுக்குச் சொல்கிறேன். நம் ரத்தத்தில் உள்ள டி செல்கள், உடம்பின் செல்கள் தம் மேற்பரப்பில் காட்டும் புரதத் துணுக்குகளைச் சோதித்துக்கொண்டே இருக்கின்றன. அந்நியமாகத் தெரிவதைக் கொல்கின்றன. இந்தத் தாக்குதல் எல்லை மீறி நம் சொந்த உறுப்புகளையே அழித்துவிடாதிருக்க, டி செல்லின் மேல் பிடி-1 என்றொரு பிரேக் இருக்கிறது. பிடி-எல்1 என்பது அந்தப் பிரேக்கை மிதிக்கும் கால். புற்றுச் செல்கள் அந்தப் புரதத்தைத் தாமே தயாரித்து, தம்மைக் கொல்ல வந்த டி செல்லை அங்கேயே நிறுத்திவிடுகின்றன. பெம்ப்ரோலிசுமாப், நிவோலுமாப் போன்ற மருந்துகள் பிடி-1ஐ மறைத்துக்கொள்வதால் மிதிப்பதற்குப் பிரேக் அகப்படுவதில்லை. கியோத்தோவில் தசுகு ஹோன்ஜோவின் ஆய்வகம் பிடி-1ஐ 1992இல் கண்டறிந்தது. சிடிஎல்ஏ-4 என்னும் இன்னொரு தடையைப் புற்றுநோய்க்கு எதிராகத் திருப்பிய ஜேம்ஸ் அலிசனும் அவரும் 2018இல் மருத்துவத்துக்கான நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்கள்.

எல்லோருக்கும் இது ஏன் பலிப்பதில்லை என்ற கேள்வியும் அப்போது என்னைக் குடைந்தது. மருத்துவமனைக் காத்திருப்பு அறையில் எங்களோடு உட்கார்ந்திருந்த சிலருக்கு இது பயன்படவே இல்லை. சில கட்டிகளில் மரபணு மாற்றங்கள் மிகக் குறைவு என்பதால், டி செல்லின் பார்வைக்கு அவை அந்நியமாகத் தெரிவதில்லை. சில கட்டிகளுக்குள் டி செல்கள் நுழையவே முடிவதில்லை. உள்ளே டி செல்லே இல்லாதபோது தடையை விலக்கி ஆவதொன்றுமில்லை. வேறு சில, புரதத் துணுக்கைத் தூக்கிக் காட்டும் அமைப்பையே இழந்து கண்ணுக்குத் தப்பிவிடுகின்றன. புகையினால் வந்த கட்டியில் மாற்றங்கள் மிகுதி என்பதால் அது எளிதில் அடையாளம் காணப்படுகிறது. இத்தனை வருடம் நான் சண்டை போட்ட சிகரெட், நோயையும் கொடுத்துவிட்டு மருந்து வேலை செய்யவும் வழி வைத்திருந்தது என்பதைப் படித்தபோது எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. பிடி-எல்1 ஐம்பது சதவீதமோ அதற்கு மேலோ உள்ளவர்களிடம் நடந்த பெரிய ஆய்வொன்றில், பெம்ப்ரோலிசுமாபில் தொடங்கியவர்களில் 31.9 சதவீதம் பேரும் கீமோவில் தொடங்கியவர்களில் 16.3 சதவீதம் பேரும் ஐந்தாண்டு முடிவில் உயிரோடு இருந்தார்கள். ஏறக்குறைய இரண்டு மடங்கு என்றாலும், மூன்றில் இரண்டு பங்கினருக்கு அந்த ஐந்தாண்டு கிடைக்கவில்லை என்பதும் அதே கணக்குதான். பணம் புரட்டுவதற்கு முன் இந்த இரண்டு பக்கத்தையும் மருத்துவரிடம் வெளிப்படையாகக் கேட்டுவிடுவது நல்லது.

பணத்தைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். பெம்ப்ரோலிசுமாப் மூன்று வாரத்துக்கு ஒரு முறை 200 மில்லிகிராம் என்ற கணக்கில், ஒரு தவணை மருந்துக்கு மட்டும் மூன்று லட்சத்துக்கு மேல் விலை சொன்னார்கள். மருந்து நிறுவனம் நடத்தும் நோயாளர் உதவித் திட்டத்தில் சேர்ந்தால் சில தவணைகளுக்குப் பணம் கட்டிய பின் மீதியை இலவசமாகப் பெறலாம் என்பதை, மருத்துவமனையின் மருந்தகத்தில் இருந்த ஒரு தம்பி சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். முதல் தவணைக்கு முன்பே அதில் பதிவு செய்ய வேண்டும் என்றும் சொன்னார். புறவழிச்சாலை ஓரம் வாங்கிப் போட்டிருந்த மனையை விற்றுத்தான் கட்ட வேண்டிய தவணைகளைக் கட்டினோம். இன்சூரன்ஸ் பாலிசி ஐந்து லட்சத்துக்கு இருந்தும், உள்ளே ‘நவீன சிகிச்சைகள்’ என்றொரு பிரிவு இருந்தது. அதன்படி இந்த மருந்துக்குப் பாதித் தொகை மட்டும்தான் தருவோம் என்றார்கள். காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையமான ஐஆர்டிஏஐ 2019இல் வெளியிட்ட நவீன சிகிச்சைகளின் பட்டியலில் இந்த வகை ஊசியும் இடம்பெற்றிருப்பதால், இதைக் கொடுக்கவே முடியாது என்று மறுப்பது எளிதல்ல. ஆனால் உச்சவரம்பு வைத்துக் குறைக்க முடியும். பாலிசியின் முதல் பக்கத்தில் உள்ள தொகையை நம்பாமல் அந்தப் பிரிவைத் தேடிப் படியுங்கள். தலை, கழுத்து, வாய்ப் புற்றுநோய் உள்ளவர்கள் இன்னொன்றும் கேட்கலாம். மும்பை டாடா மெமோரியல் மருத்துவமனை, முற்றிய நிலையில் இருந்த 151 பேரிடம் நடத்திய ஆய்வில், வழக்கமான அளவில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவான 20 மில்லிகிராம் நிவோலுமாபை மூன்று வாரத்துக்கு ஒரு முறை, மலிவான மாத்திரைகளோடு சேர்த்துக் கொடுத்தார்கள். மாத்திரை மட்டும் எடுத்தவர்களில் ஓராண்டைக் கடந்தவர்கள் 16.3 சதவீதம், நிவோலுமாபும் சேர்த்து எடுத்தவர்களில் அது 43.4 சதவீதம். அது நுரையீரலுக்கான ஆய்வு அல்ல என்பதால் எங்களுக்குப் பொருந்தாது என்று எங்கள் மருத்துவர் சொல்லிவிட்டார்.

மருந்து ஏறத் தொடங்கியபின் முதல் சில மாதங்கள் நாங்கள் பயந்ததைப் போல் இல்லை. முடி கொட்டவில்லை, வாந்தி இல்லை, இருமல் குறைந்தது. ஸ்கேனில் கட்டி பாதிக்கு மேல் சுருங்கியிருந்தது. இடையில் தைராய்டு குறைந்து, தைராக்ஸின் மாத்திரை ஆரம்பித்தார்கள். இந்த மருந்தில் இது சகஜம் என்று சொன்னதால் நாங்களும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. கீமோவை நினைத்து நடுங்கிக்கொண்டிருந்த எங்களுக்கு, பக்கவிளைவே இல்லாத சிகிச்சை கிடைத்துவிட்டதாகத் தோன்றியது.

ஆறு மாதத்தை நெருங்கும்போது அவர் கடைக்குப் போவதை நிறுத்தினார். முதலில் மதியம் வரை படுத்தார், பிறகு நாள் முழுக்கப் படுத்தார். சோறு பிடிக்கவில்லை, குமட்டல் இருந்தது. கட்டிலிலிருந்து எழுந்தால் தலை சுற்றிச் சுவரைப் பிடித்துக்கொண்டார். காய்ச்சலும் இல்லை, வலியும் இல்லை. பக்கத்துத் தெரு மருத்துவர், தைராய்டு மாத்திரை போதவில்லை போலும் என்று அளவைக் கூட்டினார். அந்த வாரமே நிலைமை இன்னும் மோசமாயிற்று. ஒரு நாள் காலையில் என்னைப் பார்த்து, இறந்து பல வருடங்களான அவருடைய அக்காவின் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். நான் பதறிப்போய் ஆம்புலன்ஸ் வைத்து அருகில் இருந்த தனியார் மருத்துவமனைக்குக் கொண்டுபோனேன். ரத்த அழுத்தம் 90/60, சோடியம் 118. சாதாரணமாக 135க்குக் குறையக் கூடாத அளவு அது.

நுரையீரல் புற்றுநோய் உள்ளவருக்கு சோடியம் குறைந்தால், உடம்பு தண்ணீரைத் தேக்கி வைத்துக்கொள்வதால் அப்படி ஆகிறது என்றுதான் பெரும்பாலும் முதலில் நினைக்கிறார்கள். புற்றுநோயே அதைச் செய்யக்கூடும் என்பதும் உண்மைதான். ஆகவே தண்ணீரைக் குறைக்கச் சொன்னார்கள், உப்பு ஏற்றினார்கள், உப்பு கேப்ஸ்யூல் எழுதினார்கள். குழப்பமாகப் பேசியதால் நோய் மூளைக்குப் பரவியிருக்கும் என்று எம்ஆர்ஐ எடுக்கச் சொன்னார்கள். அதன் முடிவுக்காகக் காத்திருந்த அந்த இரவில், மகளுக்கு என்ன சொல்வது என்று யோசித்தபடி மருத்துவமனை வராந்தாவில் உட்கார்ந்திருந்தேன். மனையையும் விற்று, மனிதரையும் இழக்கப் போகிறோம் என்ற எண்ணத்தைத் தவிர வேறெதுவும் எனக்கு வரவில்லை. மூளையில் பரவல் இல்லை என்று வந்தது. சோடியம் 128க்கு ஏறியதும் வீட்டுக்கு அனுப்பினார்கள். வீட்டுக்கு வந்த சில நாளிலேயே மறுபடியும் அதே மயக்கம், அதே மருத்துவமனை, அதே உப்பு. மருத்துவர்கள் யாரும் அலட்சியமாக இருக்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். ‘கீமோ போகிறதா?’ என்று கேட்டார்கள். ‘இல்லை, இம்யூனோதெரபி’ என்று சொன்னேன். ‘நல்லது’ என்று எழுதிக்கொண்டு அடுத்த கேள்விக்குப் போனார்கள்.

இரண்டாம் முறை வீட்டுக்கு அனுப்பப்பட்டபோது நான் கேட்டுக்கொண்டு மதுரைக்கே மாற்றினேன். அங்கே இரவுப் பணியில் இருந்த ஓர் இளம் பெண் மருத்துவர், பழைய கோப்பில் மருந்தின் பெயரைப் பார்த்ததும் கேட்ட முதல் கேள்வி, ‘கார்ட்டிசால் பார்த்தார்களா அம்மா?’ என்பதுதான். கார்ட்டிசால், சிறுநீரகங்களின் மேல் உட்கார்ந்திருக்கும் அட்ரினல் சுரப்பிகள் சுரக்கும் ஹார்மோன். ரத்த அழுத்தத்தையும் சர்க்கரையையும் சோடியத்தையும் நிலைநிறுத்துவதில் அதற்குப் பெரிய பங்கு உண்டு. அதைச் சுரக்கும்படி கட்டளையிடுவது மூளையின் அடியில் பட்டாணி அளவில் இருக்கும் பிட்யூட்டரி. தடை விலகிய டி செல்கள் புற்றைத் தாக்கியதோடு நிற்காமல், அவருடைய பிட்யூட்டரியில் அந்தக் கட்டளையை அனுப்பும் செல்களையும் தாக்கியிருந்தன. ரத்தத்தை எடுத்து அனுப்பிவிட்டு, முடிவு வரும்வரை காத்திராமல், கார்ட்டிசாலுக்கு ஈடாகக் கொடுக்கும் மருந்தான ஹைட்ரோகார்ட்டிசோன் 100 மில்லிகிராமை நரம்பில் போட்டார். கார்ட்டிசால் ஒன்றுக்கும் கீழே என்று காலையில் வந்தது. அந்த நேரத்தில் பத்துக்கு மேலாவது இருந்திருக்க வேண்டும் என்றார்கள். ஆனால் முடிவு வருவதற்குள்ளேயே என் கணவர் தலையணையைச் சாய்த்து வைக்கச் சொல்லி உட்கார்ந்து, ‘கேன்டீன் திறந்திருச்சா? ஒரு காபி வாங்கிட்டு வா’ என்றார். பல வாரங்களில் அவராகக் கேட்ட முதல் பொருள் அது. சர்க்கரை கூடப் போடச் சொன்னார்.

இம்யூனோதெரபி ஏற்றியவருக்கு விளக்கமில்லாத சோர்வு, குமட்டல், எழுந்தால் தலைசுற்றல், குறைந்த ரத்த அழுத்தம், குறைந்த சோடியம் இவற்றில் சில சேர்ந்து வந்தால், காலை எட்டு மணி வாக்கில் எடுத்த ரத்தத்தில் கார்ட்டிசால் பார்த்தாகிவிட்டதா என்று நீங்களே கேளுங்கள். சோடியம் குறைவுக்குத் தண்ணீரைக் கட்டுப்படுத்தும் முன் இதைப் பார்த்திருக்க வேண்டும் என்பது மருத்துவ நூல்களில் உள்ள விதிதான், புதிதாக நான் கண்டுபிடித்தது அல்ல. ஏற்கெனவே பிரெட்னிசோலோன், டெக்சாமெத்தசோன் போன்ற ஸ்டீராய்டு எடுத்துக்கொண்டிருந்தால் அந்த எண் தவறாகக் காட்டும் என்பதால் அதைச் சொல்லிவிடுங்கள். தைராய்டும் கார்ட்டிசாலும் இரண்டுமே குறைந்திருந்தால் முதலில் கார்ட்டிசாலைச் சரிசெய்த பிறகே தைராக்ஸினைத் தொடங்கவோ கூட்டவோ வேண்டும். வரிசை மாறினால், இருக்கிற கொஞ்சக் கார்ட்டிசாலும் வேகமாகச் செலவாகி ஆபத்தாகிவிடும். மாத்திரையின் அளவைக் கூட்டிய வாரத்தில் அவர் சரிந்ததற்கு இதுதான் காரணம் என்று மதுரையில் விளக்கினார்கள்.

கார்ட்டிசால் மட்டும்தான் என்றில்லை, இந்த மருந்தில் பாதிப்பு எந்த உறுப்பிலும் வரலாம்: குடலில் வந்தால் பேதி, நுரையீரலில் வந்தால் மூச்சிரைப்பு, கல்லீரலில் வந்தால் காமாலை, கணையத்தில் வந்தால் திடீர்ச் சர்க்கரை, அரிதாக இதயத் தசையிலும் வரும். கடைசி ஊசி போட்டுப் பல மாதம் கழித்தும் வரலாம். பேதியென்றால் சாப்பாடு சேரவில்லை என்று மாத்திரை வாங்கிப் போடுவதும், இருமலென்றால் ஆன்டிபயாடிக் எழுதி வாங்குவதும் நம் ஊரில் வழக்கம். ஆனால் காரணம் டி செல்களாக இருந்தால் தேவைப்படுவது பெரும்பாலும் ஸ்டீராய்டு, அதுவும் சிகிச்சை தந்த மருத்துவரின் கண்காணிப்பில். ஆகவே நான் ஒரு சிறிய அட்டை தயாரித்து, ஜெராக்ஸ் கடையில் லேமினேட் செய்து, ஒன்றை அவர் பர்ஸிலும் ஒன்றை என் கைப்பையிலும் வைத்திருக்கிறேன். மருந்தின் பெயர், முதல் ஊசியும் கடைசி ஊசியும் போட்ட தேதி, ‘இது கீமோ அல்ல, புதிதாக எந்தத் தொந்தரவு வந்தாலும் மருந்தின் விளைவாக இருக்கலாம்’ என்ற ஒரு வரி, ‘அட்ரினல் குறைபாடு உள்ளது, ஹைட்ரோகார்ட்டிசோனை நிறுத்தக் கூடாது’ என்ற இன்னொரு வரி, மருத்துவரின் தொலைபேசி எண். சில நாடுகளில் இப்படி ஓர் அட்டையைச் சிகிச்சை தொடங்கும்போதே கையில் கொடுத்துவிடுகிறார்கள்.

உறவினர்கள் அன்போடு கொண்டுவந்து தந்த எதிர்ப்புச் சக்தி லேகியங்களையும் சீந்தில் கொடிக் கஷாயத்தையும் நான் அவருக்குக் கொடுக்கவில்லை. கொரோனா காலத்தில் சீந்தில் எடுத்துக் கல்லீரல் பாதிக்கப்பட்டவர்களைப் பற்றி மும்பை மருத்துவர்கள் 2021இல் எழுதியிருக்கிறார்கள் என்பது ஒரு காரணம். இன்னொன்று, ஒவ்வொரு தவணைக்கு முன்பும் பார்க்கும் கல்லீரல் எண்கள் ஏறினால், ஊசியால் ஏறியதா கஷாயத்தால் ஏறியதா என்று யாராலும் பிரித்துச் சொல்ல முடியாது. சந்தேகத்தின் பேரில் ஊசியைத்தான் நிறுத்துவார்கள். சித்தப்பா கொஞ்சம் கோபித்துக்கொண்டார்.

இப்போது அவர் காலை எழுந்ததும் 10 மில்லிகிராம், மதியம் 5, மாலை 5 என்று ஹைட்ரோகார்ட்டிசோன் எடுக்கிறார்; பெரும்பாலும் ஆயுள் முழுக்க எடுக்க வேண்டியிருக்கும். இது உடம்பில் இல்லாததை ஈடு செய்யும் அளவு மட்டும் என்பதால் இம்யூனோதெரபியைக் கெடுப்பதில்லை. அவருக்கும் ஊசி தொடர்கிறது, இரண்டு வருடம் முடிந்தால் நிறுத்தலாம் என்று சொல்லியிருக்கிறார்கள். காய்ச்சல் வந்தால் மாத்திரையை இரண்டு மடங்காக்க வேண்டும், வாந்தியில் மாத்திரை தங்கவில்லை என்றால் உடனே ஊசியாகப் போட வேண்டும் என்று எழுதி வாங்கி வைத்திருக்கிறேன். அந்த மாத்திரை எங்கள் ஊர்க் கடைகளில் எப்போதும் கிடைப்பதில்லை என்பதால் ஒரு மாத இருப்பைக் குறையவிடுவதில்லை.

இன்சூரன்ஸ் விவகாரம் மட்டும் முடியவில்லை. சோடியம் குறைந்து மருத்துவமனையில் சேர்த்தபோது ஆன செலவையும் ‘நவீன சிகிச்சை’ உச்சவரம்புக்குள் சேர்த்து, அது தீர்ந்துவிட்டது என்று மீதியை மறுத்தார்கள். அப்போது ஊசியே போடவில்லை, சேர்த்தது உயிர் காக்க என்பது என் வாதம். நிறுவனத்துக்கு எழுத்தில் புகார் கொடுத்து, மறுப்போ ஒரு மாதம் பதிலின்மையோ இருந்தால் காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். நமக்கு அலுவலகம் சென்னையில் இருக்கிறது, கட்டணம் இல்லை, வழக்கறிஞர் தேவையில்லை, ஆனால் ஓர் ஆண்டுக்குள் போக வேண்டும். என் மனு அங்கே இருக்கிறது. டிஸ்சார்ஜ் சம்மரியில் சேர்த்ததன் காரணம் ‘சோடியம் குறைவு’ என்று தனியாக எழுதப்பட்டிருக்கிறதா, வெறும் ‘நுரையீரல் புற்றுநோய், இம்யூனோதெரபியில் உள்ளார்’ என்று முடித்துவிட்டார்களா என்று வீட்டுக்குக் கிளம்பும் முன்பே பாருங்கள். எங்களுடையதில் இரண்டாவது மாதிரிதான் இருந்தது. அதைத் திருத்தி முத்திரையோடு வாங்குவதற்காக அந்த மருத்துவமனைக்கு நடையாக நடந்தேன்.